ஆயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்று

ஒரு ஊரிலே ஒரு அக்காளாம், ஒரு தம்பியாம். தம்பிக்கு அக்காள் காவலாம், அக்காளுக்குத் தம்பி காவலாம், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு அடுப்பாம். சிரிக்காதீங்க அண்ணாச்சி. எனக்கு இப்படித்தான் தொடங்க வரும். தாத்தாகிட்டக் கதை கேட்டு வளர்ந்தவன், எதையும் நடுவிலிருந்து சொல்லத் தெரியாது. நீங்க 'உம்' கொட்டிக்கிட்டு வந்தாப் போதும். ஆள் 'உம்' கொட்டலைன்னா எனக்குக் கதை நின்னுரும்.

அந்தத் தம்பி நான்தான். உச்சிமாகாளி. ஊர் கரிவலம் பக்கம். அக்கா பேர் செண்பகவல்லி. உள்ளே வார்டிலே ரத்தம் ஏறுது பாருங்க, அந்தக் கட்டில். ஜன்னலோரம் உங்க வீட்டம்மா, அதுக்கு அடுத்தது. போர்வைக்குள்ளே ஆள் இருக்கிற மாதிரியே தெரியாது. ஆனால் இருக்காள்.

காலை ஷிப்ட் அவளுக்கு. நூல் மில். ஆறு மணிக்கு உள்ளே போனவள் பத்து மணிக்கு விழுந்துட்டாள். கூட வேலை பார்க்கிற பிள்ளைக, "செண்பாக்கா சரிஞ்சு உக்காந்தா, உக்காந்தவ அப்படியே படுத்துட்டா"ன்னு சொன்னாங்க. நெற்றியில் நாலு தையல். ஓடுகிற ரெண்டு மெஷினுக்கு நடுவிலே விழுந்திருக்காள். அரை அடி இந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்தா கை உள்ளே போயிருக்கும்னு மில் வேன் ஓட்டுறவர் சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்போதிலிருந்து அந்த அரை அடியையேதான் நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் சிரிக்க மாட்டேங்கிறாங்க. ரத்தத்தில் என்னமோ பன்னிரண்டு இருக்கணுமாம், அக்காவுக்கு ஆறுதான் இருக்காம். "ரத்தம் எங்கயோ போகுது, இல்ல ஊறவே மாட்டேங்குது. எதுன்னு தெரியாம நான் வச்சிருக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், வாய் வழியா குழாய் விட்டுப் பாப்பாங்க"ன்னு சொல்லிட்டாங்க. குழாய் அண்ணாச்சி. வாய் வழியா. அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் கேரளாவில், கொட்டாரக்கரையில் பேக்கரியில் மாவு பிசையிறார். பஸ் ஏறிட்டார். சாயங்காலம் வந்துருவார். வந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பார். "நல்லாத்தானல இருந்தா?"ன்னு கேட்பார். நான் என்ன சொல்றது?

கதவு திறக்குதா? இல்லை, துடைக்கிற அம்மா.

முதலிலிருந்து சொல்றேன். எங்க அம்மா சர்க்கரையில் போனவள். முதலில் கால் பெருவிரல் கறுத்தது. அப்புறம் பாதம். அப்புறம் முட்டி வரைக்கும் எடுத்தாங்க. எடுத்தும் நிக்கலை. அம்மா நல்லாச் சாப்பிடுவாள். சாப்பிட்டதால்தான் போனாள்னு எனக்குள்ளே பதிஞ்சுபோச்சு. அக்காவும் அதே கை, அதே வாய். மில்லிலிருந்து வந்தால் கை கழுவினது பாதி கழுவாதது பாதி, தட்டைப் போட்டு உட்கார்ந்துருவாள். சோறு குவிஞ்சு கிடக்கும். ரசத்தை விட்டுப் பிசைஞ்சு, ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு, கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுவாள். என்னைவிட ரெண்டு கரண்டி கூடத்தான் போகும். அதைப் பார்க்கிறப்போ எல்லாம் எனக்கு அம்மாவின் பெருவிரல்தான் கண்ணுக்குள்ளே வரும். சத்தியமா அண்ணாச்சி, எல்லாம் அந்தப் பயத்தில் செய்தது. வேறே ஒண்ணும் இல்லை.

தை மாசம் நான் போலீஸ் வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்து மைதானத்தில் தவமணி சார்னு ஒருத்தர் எங்களை ஓடவிடுவார். காலையில் ஆறு கிலோமீட்டர் ஓட்டம், சாயங்காலம் கயிறு ஏறுறது, நீளம் தாண்டுறது. அவர்தான் ஒரு நாள் வரிசையில் நிறுத்தி வச்சுச் சொன்னார்: "ஓடுறவன் என்ன திங்கிறான்னு அவனுக்கே தெரியணும்ல. எண்ணித் தின்னு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது." போனில் ஒரு ஆப் இருக்கு, அதில் போட்டால் ஒரு நாளைக்கு எத்தனை கலோரின்னு சொல்லிரும்னார்.

அன்றைக்கே இறக்கிட்டேன். வயசு கேட்டது, போட்டேன். உயரம், எடை போட்டேன். கடைசியில் ஒரு கேள்வி: வாரத்தில் எந்த அளவு உடற்பயிற்சி செய்கிறீர்கள்? அஞ்சு கட்டம். அறவே இல்லை, கொஞ்சம், மிதமாக, தீவிரமாக, அதிதீவிரமாக. கடைசிக் கட்டத்தைத் தொடக் கூச்சமா இருந்தது. நாலாவதைத் தொட்டேன். ரெண்டாயிரத்து எழுநூத்தி நாற்பத்து மூணுன்னு வந்தது. அடேயப்பா, நமக்கு இவ்வளவு வேணுமான்னு ஒரு பெருமைகூட.

அப்புறம் அக்காவுக்கும் பார்ப்போம்னு தோணுச்சு. ஒரு வீட்டில் ஒருத்தன் மட்டும் கணக்கோட சாப்பிட்டால் நல்லாவா இருக்கு? அவள் தெருக்குழாயிலிருந்து வந்துக்கிட்டிருந்தாள், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். படி ஏறும்போதே கேட்டேன்.

"எக்கா, வாரத்துல எத்தன நாள் உடற்பயிற்சி பண்ணுத?"

"உடற்பயிற்சியா? எனக்கா?" குடத்தை இறக்கி வச்சுட்டு அப்படிச் சிரிச்சாள். "போலே, வேலையத்தவனே. அதுக்கெல்லாம் எனக்கு எங்கலே நேரம்? ஞாயித்துக்கிழம படுத்துத் தூங்குறேம்ல, அதான் என் உடற்பயிற்சி."

'அறவே இல்லை'யைத் தொட்டேன். வயசு இருபத்தேழு, எடை நாற்பத்து நாலு, உயரம் நூத்தி அம்பத்திரண்டு. ஆயிரத்து முந்நூத்திப் பதிமூணு.

அவள் சாப்பிடுற சோற்றை ஒரு நாள் ரகசியமா கரண்டிக் கணக்கில் அளந்து பார்த்தேன். ரெண்டாயிரத்தை ஒட்டி வந்தது. ஒவ்வொரு நாளும் எழுநூறு கூடுதல்! அது எங்கே போய்ச் சேரும்? உடம்பில்தானே சேரும்? அம்மா மாதிரி ஆகறதுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு உட்கார்ந்து எண்ணினேன். அன்றைக்கு நான் சரியாத் தூங்கலை.

மறுநாள் கூட ஓடுற இசக்கிராஜ் வீட்டிலிருந்து ஒரு தராசு வாங்கிவந்தேன். தட்டு வைச்சதும் நம்பர் ஓடுமே, அது. ஒரு தாளில் கோடு போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டினேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. காலையில் எத்தனை கிராம், மதியம் தூக்குச்சட்டியில் எத்தனை கிராம், இரவுக்கு எத்தனை. எனக்கு முட்டை நாலு வந்தது, பாசிப்பயறு வந்தது, பால் வந்தது. அக்காவுக்கு முட்டை வரலை. சோறும் குழம்பும் போட்டதுக்கே அவள் கணக்கு முடிஞ்சுபோச்சு. நான் என்ன செய்ய? இல்லாத இடத்தில் எப்படிச் சேர்க்கிறது?

அவள் தாளை அண்ணாந்து பார்த்துக்கிட்டு நின்னாள். "எனக்கு வாய்ப்பாடே பத்துக்கு மேல வராது. நீ ஆயிரத்துல பேசுத. படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்"னாள். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து என் முட்டையை வேகவைச்சு, தோலை உரிச்சு, மூடி வச்சுட்டுத்தான் மில் வேனுக்குப் போவாள். நான் ஓடிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தால் பத்து மணி வரைக்கும் அசைய முடியாது. ஓட்டம் ஆளை உலுக்கிரும் அண்ணாச்சி. ஓடினவனுக்குத்தான் அது தெரியும்.

முதல் வாரம் ஒரு நாள் சொன்னாள். "மாகாளி, வயித்துக்குள்ள யாரோ நின்னு கூப்பிடுத மாதிரி இருக்குலே."

"அது பசி இல்லக்கா. பழக்கம். ரெண்டு வாரத்துல போயிரும்."

ரெண்டு வாரத்தில் போயிருச்சு. அதுக்கப்புறம் அவள் பசின்னு சொல்லவே இல்லை. அப்பல்லாம் நான் ஆப் சொன்னது எவ்வளவு சரின்னு நினைச்சேன்.

ஒரே ஒரு தடவைதான் கோவிச்சுக்கிட்டேன். அவள் தூக்குச்சட்டிப் பையைக் கழுவ எடுத்தப்போ அடியிலே ஒரு கடலைமிட்டாய், பாதி கடிச்சது, தாளில் சுருட்டி வச்சிருந்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. நான் அங்கே கிராம் கிராமா அளக்கிறேன், இவள் ஒளிச்சு வச்சுத் திங்கிறாள். தராசில் வச்சேன். கடிச்சுத் தின்னதையும் சேர்த்து இருபத்தெட்டு கிராம் இருக்கும், நூத்தி நாற்பது கலோரி. "இத ராத்திரிச் சோத்துல கழிக்கணும்க்கா"ன்னேன். நான் சத்தம் போடலை. எனக்குச் சத்தம் போட வராது. அவள் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சரிலே, கழிச்சுக்கோ. வேன்ல ஏறயில கண்ணு இருட்டிச்சு, அதான்"னாள். கண்ணு இருட்டினதைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை. சர்க்கரைக்காரங்களுக்குத்தானே கண்ணு இருட்டும்? சரியான நேரத்தில் பிடிச்சேன்னுதான் நினைச்சேன்.

எடை குறைஞ்சது. நாற்பத்து நாலு இருந்தவள் நாற்பத்தொண்ணுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு மாடத்தி மதினிகூட, "என்னட்டி செண்பா, யார மயக்கப்போற, இப்படி எளச்சிட்ட?"ன்னு கேலி பண்ணினாள். புது எடையை நான் ஆப்பில் போட்டேன். அது ஆயிரத்து இருநூத்தி எழுபத்தேழுன்னு சொன்னது. எடை குறையக் குறைய அதுவும் குறைச்சது, நானும் குறைச்சேன். போன மாசக் கடைசியில் முப்பத்தெட்டு. போன வாரம் பார்த்தப்போ... போன வாரம் பார்க்கலை. அப்போ எனக்கு வேறே ஒரு தலைவலி.

அந்தத் தலைவலியைத்தான் உங்ககிட்டச் சொல்லணும். என் மேல் ஒரு பழி விழுந்துருச்சு அண்ணாச்சி. நான் செய்யாத தப்புக்கு.

தவமணி சார் ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கார். நாங்க முப்பத்திரண்டு பேர். தினம் பதினஞ்சாயிரம் காலடி நடந்த கணக்கை வாட்சோட போட்டோ எடுத்து அதில் போடணும். ஒரு நாள் விட்டாலும் மறுநாள் மைதானத்தை முட்டி போட்டுச் சுத்தணும். என்கிட்ட ஒரு வாட்ச் இருந்தது, கையில் கட்டினால் அடி எண்ணும். மூணு வாரத்துக்கு முந்தி நீளம் தாண்டுறப்போ எனக்குக் கணுக்கால் பிசகிருச்சு. ஊன்றி நிற்க முடியலை. பதினஞ்சாயிரத்துக்கு எங்கே போக? அக்காகிட்டக் கேட்டேன்.

"எக்கா, இன்னிக்கு ஒரு நா இதக் கட்டிக்கிட்டுப் போறியா? நாலாயிரம் அஞ்சாயிரமாவது ஓடும். மிச்சத்தக் கையில வச்சு ஆட்டிக்கிடுதேன்."

"மில்லுக்குள்ள கையில ஒண்ணும் போடக்கூடாதுல. வளையலே கழட்டச் சொல்லுவாக."

"அப்போ கால்ல கட்டிக்கோ."

பேண்டுக்குள்ளே கணுக்காலில் கட்டிக்கிட்டுப் போனாள். ரெண்டரை மணிக்கு வந்து கழற்றிக் கொடுத்தாள். பார்க்கிறேன், இருபத்தெட்டாயிரத்து அறுநூத்திப் பன்னிரண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் ஆறு கிலோமீட்டர் ஓடி, சாயங்காலம் குதிச்சு, கயிறு ஏறி, அப்பவும் பதினஞ்சாயிரத்தைத் தாண்டுறதுக்குள்ளே நாக்குத் தள்ளும். இவள் மில்லில் சும்மா நடக்கிறவள். அங்கே மெஷின்தானே வேலை செய்யுது? நூல் அறுந்தால் ஒட்டிவிடணும், அவ்வளவுதான். "ஒங்க மில்லுப் பஞ்சு உள்ள போயி வாட்சு கெட்டுப்போச்சுக்கா"ன்னு சொன்னேன். ஆனால் வேறே வழியும் இல்லை. அதையே போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன்.

அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டாங்க.

"மாப்ளே, யாரு வீட்டு நாய்க்குக் கட்டிவிட்ட?"

"நாயி இல்லடே, மாரியம்மன் கோயில் சப்பரத்துல கட்டியிருப்பான்."

"காலு பிசகுனவன் இருபத்தெட்டாயிரமா? ரெண்டு காலும் பிசகுனா சென்னைக்கே போயிருவான் போலயே!"

இசக்கிராஜ், என் கூட ஒரே தட்டில் சாப்பிட்டவன், அவன்தான் இதைப் போட்டது. ராத்திரி தவமணி சார் குரலிலேயே ஒரு மெசேஜ் வந்தது. "உச்சிமாகாளி, காக்கிச் சட்டையப் போடுறதுக்கு முந்தியே போர்ஜரியா? ஒரு மாசத்துக்கு மைதானத்துப் பக்கம் வராத." அதோட குரூப்பிலிருந்தும் எடுத்துட்டார்.

நான் அழுதுட்டேன் அண்ணாச்சி. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் நடந்தது நெசந்தாம்ல. வேணும்னா சார்ட்ட வந்து நான் சொல்லட்டுமா?"ன்னாள். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒன்னாலதான் எனக்கு இந்தக் கெட்ட பேரு"ன்னு சொல்லிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போ தெரியுது.

மறுநாள் வாட்சைப் பழுது பார்க்கிற கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அவன் திறந்து பார்த்துட்டு, ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்குன்னான். நம்ப முடியலை. நானே காலில் கட்டிக்கிட்டு, நொண்டி நொண்டி, நூறு அடி எண்ணி நடந்து பார்த்தேன். சரியா நூறு காட்டுச்சு. அதுதான் எனக்கு இன்னும் புரியாதது. என்கிட்ட ஒழுங்கா எண்ணுது, அக்காகிட்டப் போனால் மட்டும் கெட்டுப்போகுது.

என்ன அண்ணாச்சி, 'உம்'மை நிறுத்திட்டீங்க?

தண்ணி குடிக்கிறீங்களா? இருக்கு. எனக்கு வேண்டாம்.

பன்னிரண்டு மணி போல அந்த சிஸ்டர் வெளியே வந்தாங்க. குட்டையா, கண்ணாடி போட்டவங்க. "இந்தப் பிள்ள வீட்டுல ஒழுங்காச் சாப்பிடுதா?"ன்னு என்னைக் கேட்டாங்க. எனக்குப் பகீர்னுச்சு. ஏன்னு தெரியலை. தப்பு ஒண்ணும் செய்யாதவனுக்கு ஏன் பகீர்னுது? "அளவாச் சாப்பிடுவா சிஸ்டர்"னு சொன்னேன். பொய் இல்லையே அது? அளவாத்தானே சாப்பிட்டாள்? அவங்க எழுதிக்கிட்டுப் போய்ட்டாங்க. டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்க்கணும்னு சொன்னது அதுக்கப்புறம்தான்.

இன்னொண்ணும் இருக்கு. அதைச் சொல்லலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு மணிக்கு என்னை உள்ளே விட்டாங்க. அக்கா கண்ணைத் திறந்து ரத்தப் பையையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாள். நான் போய்த் தலைமாட்டில் நின்னேன். உதடெல்லாம் வெளுத்து, காய்ஞ்சு போயிருந்தது. என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். காதுக்குள்ளே சொல்ற மாதிரி கேட்டாள்:

"இதுல எம்புட்டு கலோரிலே இருக்கும்? ராத்திரிச் சோத்துல கழிக்கணுமா?"

கேலி பண்ணலை அண்ணாச்சி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், கேலி இல்லை. நெஜமாவே கேட்டாள். கணக்கு தப்பிப்போய் நான் கோவிச்சுக்குவேனோன்னு பயந்து கேட்டாள். வெளியே வந்து இங்கே உட்கார்ந்தவன்தான். நீங்க கேட்டீங்களே, ஏன் தம்பி உள்ள போகாம இருக்கேன்னு. இதுக்குத்தான்.

என்ன கேக்கீங்க? மில்லில் ஒரு மெஷின் எவ்வளவு நீளமா?

எதுக்குக் கேக்கீங்க? எனக்கு எப்படி... இல்லை, தெரியும். ஆயுதபூஜைக்கு ஒரு தடவை உள்ளே விட்டாங்க. நீளமா இருக்கும். கண்ணால் அளக்கிறது எனக்குப் பழக்கம், ஓடுறவன்ல. நாற்பது மீட்டர் இருக்கும். அந்தக் கடைசிக்குப் போய்த் திரும்பி இந்தப் பக்கமா வரணும். அப்போ ஒரு மெஷினைச் சுத்தினா எண்பது. அவளுக்கு மூணு மெஷின். இருநூத்தி நாற்பது. ஒரு சுத்து வர்றதுக்கு ஏழு நிமிஷம்னு சொல்லுவாள், அதுக்கு மேலே ஆனால் மேஸ்திரி கத்துவாராம். எட்டு மணி நேரம். சாப்பாட்டுக்கு அரை மணி கழிச்சுருங்க. நானூத்தி அம்பது நிமிஷம். ஏழால் வகுத்தால் அறுபத்து நாலு சுத்து. அறுபத்து நாலு தரம் இருநூத்தி நாற்பது...

இருங்க. போனில் போடறேன்.

பதினஞ்சாயிரத்து முந்நூத்தி அறுபது. மீட்டர். பதினஞ்சு கிலோமீட்டர். இல்லை, எங்கேயோ ஒரு சைபர் கூடியிருக்கும். மறுபடி போடறேன்.

அதேதான் வருது.

வேன் நிக்கிற இடம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். போக ஒண்ணு, வர ஒண்ணு. பதினேழு கிலோமீட்டருக்கு மேலே அண்ணாச்சி. நான் ஓடுறது ஆறு. அவள் உயரத்துக்கு ஒரு காலடி அறுபது சென்டிமீட்டர் விழும். வகுத்தால்... இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூணு.

முந்நூத்திச் சொச்சம்தான் வித்தியாசம்.

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. கொஞ்சம் இருங்க. நானே பார்க்கிறேன். ஆப்பைத் திறக்கிறேன். வயசு இருபத்தேழு. உயரம் நூத்தி அம்பத்திரண்டு. எடை, அப்போ இருந்த எடை, நாற்பத்து நாலு. உடற்பயிற்சி. நான் எனக்குத் தொட்டேன்ல, நாலாவது கட்டம், அதையே தொடறேன். அதுக்கு மேலேதான் இருக்கணும், இருந்தாலும் அதையே தொடறேன்.

ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தேழு.

அவள் தானாச் சாப்பிட்டுக்கிட்டிருந்தது ரெண்டாயிரத்தை ஒட்டி. அவளுக்கு ஆப்பும் இல்லை, தராசும் இல்லை. ஆப் கணக்கில் பார்த்தாலே ஒரு நாளைக்கு ஐநூத்தி எழுபத்து நாலு எடுத்திருக்கேன். அவள் தட்டிலிருந்து, தினம். மூணு மாசம், தொண்ணூறு நாள். தொண்ணூறு தரம் ஐநூத்தி... வேண்டாம். அதைப் பெருக்க மாட்டேன்.

ரத்தம் எங்கே போச்சுன்னு டாக்டரம்மா தேடுறாங்கள்ல. அவள் வாயில் குழாயை விட்டு. அங்கே ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி. அவளுக்குள்ளே ஒண்ணுமே இருக்காது. நான்தான் ஒண்ணும் போடலையே.

சொன்னால் என்ன செய்வாங்க? போலீஸைக் கூப்பிடுவாங்களா? எனக்கு வேலை கிடைக்காது. அப்பா வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவார், அவர்கிட்ட இந்த சிஸ்டர் சொல்லிட்டால்? உன் பிள்ளைதான் சோற்றைக் குறைச்சான்னு சொல்லிட்டால்? சொல்லாமல் விட்டால்? குழாய் விட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிருவாங்க. வீட்டுக்கு வருவாள். அடுப்புக்கு மேலே அண்ணாந்து பார்ப்பாள். அந்தத் தாள் சொல்றதைத்தான் சாப்பிடுவாள். நான் கிழிச்சுப் போட்டாலும் அவள் அப்படித்தான் சாப்பிடுவாள் அண்ணாச்சி. மனப்பாடம் பண்ணிட்டாள். வாய்ப்பாடு பத்துக்கு மேலே வராதவள், அந்தத் தாளை முழுசா மனப்பாடம் பண்ணிட்டாள்.

கூப்பிடுறாங்க. செண்பகவல்லின்னுதானே கூப்பிட்டாங்க?

நீங்க கூட வர்றீங்களா? இல்லை, வேண்டாம், உங்க வீட்டம்மா தனியா இருப்பாங்க. உட்காருங்க. நானே போறேன்.

இங்கேதான் சிஸ்டர் இருக்கேன். நான்தான் கூட வந்தவன். தம்பி. ஆம்புலன்ஸ் வந்துருச்சா? பேனா இருக்கட்டும் சிஸ்டர், கையெழுத்து அப்புறம் போடறேன். அதுக்கு முந்தி டாக்டரம்மாவைப் பார்க்கணும். இப்பவே பார்க்கணும். என்னத்துக்கா? அக்கா என்ன சாப்பிட்டாள்னு சொல்லணும். முன்னாலே சொன்னதா? அது இல்லை சிஸ்டர். அதை அடிச்சிருங்க. வாங்க, நடந்துக்கிட்டே சொல்றேன்.